அனுமதி இலவசம்

மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கும்வரை கவலையில்லை. திலகவதி இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ் நிறுத்தத்து இரும்பு பெஞ்சில் சாய்ந்தாள். சாய முடியவில்லை. யாராவது காலை நீட்டிப் படுத்துவிடுவார்களோ என்று இந்த ஊரில் இப்போதெல்லாம் பெஞ்சைக்கூட முதுகில் குத்துகிற மாதிரிதான் செய்கிறார்கள். போகட்டும், குத்தினால் குத்தட்டும், குத்துகிற இடம் தன்னுடைய முதுகு, தன்னுடையது மட்டும், இன்னும் கொஞ்ச நேரத்துக்கு அதை யாரும் தொட்டு எழுப்பி, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு 'நாம எப்ப வீட்டுக்குப் போறோம்' என்று கேட்கப் போவதில்லை. தெருமுனை விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ஒரு சின்னப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். ராமநவமி உற்சவம். தெருவை அடைத்துப் பந்தல், நீர்மோர், பானகம், பனையோலை விசிறி, சாயங்காலக் கச்சேரி, வாசலில் துணியில் பெரிதாக எழுதியிருந்தார்கள், அனைவரும் வருக, அனுமதி இலவசம். அந்தப் பந்தலுக்குள் மூன்றாவது வரிசையில் மூங்கில் தூணை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் புருஷன் கனகசபை உட்கார்ந்திருக்கிறார். கையில் நீர்மோர் டம்ளரைக் கொடுத்து, 'இதோ வந்துடறேன்' என்று சொல்லிவிட்டு வந்தாள். 'சரி' என்றார். எப்போதும் 'சரி' என்றுதான் சொல்வார். அந்தச் 'சரி'யைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்கு மறந்து போயிருக்கும். பந்தல் இங்கிருந்து தெரியாது. கண்ணுக்குத் தெரியாமல் காதுக்கு எட்டுகிற தூரத்தில்தான் அவள் எப்போதும் உட்காருவாள். ராகம் தாளம் எதுவும் அவளுக்குத் தெரியாது, ஆனால் கச்சேரி எந்த வழியாகப் போகும் என்று தெரியும், ரயில் எந்த ஸ்டேஷனுக்கு அப்புறம் எந்த ஸ்டேஷன் என்று தெரிகிற மாதிரி. முதலில் வர்ணம், பிறகு சின்னச் சின்னதாக இரண்டு மூன்று, பிறகு பெரிசாக ஒன்று, அது நீண்டு நீண்டு போய் நடுவில் பாடுகிறவர்கள் வாயை மூடிக்கொள்ள மிருதங்கம் மட்டும் தனியாக ஓடும். அந்தத் தனி கேட்டதும் எழுந்து நடந்தால் துக்கடா பாடும்போது பந்தலுக்குள் நுழைந்து, மங்களத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்கும்போது அவர் கையைப் பிடித்துவிடலாம். இதுவரை தவறியதில்லை. இன்றைக்கு ஏன் தவற வேண்டும், தவறாது, சின்னப் பெண் இப்போதுதான் இரண்டாவதில் இருக்கிறாள்.

தினமும் காலையில் பேப்பர் வந்ததும் அவள் படிப்பது 'இன்றைய நிகழ்ச்சிகள்' மட்டும்தான். ஊரில் எத்தனை இலவசம். கோயில், சபா, நூலகம், திருமண மண்டபம், பூங்கா, எங்கேயாவது யாராவது ஒருத்தர் காசு வாங்காமல் பாடிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருக்கிறார்கள். ஆனால் எல்லாம் ஆகாது. நாட்டியம் ஆகாது. ஆடுகிற பிள்ளைகளின் அம்மாக்கள் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் எழுந்து நிற்பார்கள், அவரும் எழுந்து நின்றுவிடுவார், நின்றால் நடந்துவிடுவார். பட்டிமன்றம் ஆகாது. கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவர் முகம் சிறுத்துப்போகிறது. புத்தக வெளியீட்டில் டீயும் சமோசாவும் கிடைக்கும், ஆனால் கூட்டம் கம்மி, கம்மியான கூட்டத்தில் ஆளுக்கு ஆள் குசலம் விசாரிப்பார்கள், 'சாருக்கு எந்த ஊர்' என்று கேட்டால் என்ன சொல்வார். பூங்காவில் நாலு பக்கமும் கேட். இருப்பதிலேயே உத்தமம் உபன்யாசம், ஒரு மனுஷர் நிறுத்தாமல் பேசுவார், கேட்கிறவர்கள் பாதிப் பேர் தூங்குவார்கள், தூங்குகிறவர்களுக்கு நடுவில் அவர் வித்தியாசமாகத் தெரிவதில்லை. அதற்கு அடுத்தது கச்சேரி. ஒரே வாசல் இருக்க வேண்டும், மின்விசிறி இருக்க வேண்டும், சீக்கிரம் முடியக் கூடாது. இந்த ஊரில் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள்கூட இந்த வருஷம் இத்தனை கச்சேரிக்குப் போயிருக்க மாட்டார்கள். அவள் அதில் ஒன்றைக்கூட உள்ளே உட்கார்ந்து கேட்டதில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் தேன்மொழி போனில், 'தினம் அப்பாவைக் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போறியாமே, உனக்கு எவ்ளோ பொறுமைம்மா' என்றாள் போன வாரம். 'அவருக்குப் புடிக்குது' என்று சொல்லி வைத்தாள். பொய்யும் இல்லை. மெய்யா என்றால் அதுவும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் 'கொஞ்சம் பாத்துக்குங்க' என்று சொல்லிவிட்டு வரலாம்தான், சொன்னால் 'நீங்க எங்க போறீங்க' என்பார்கள். எங்கே போகிறேன்? பஸ் நிறுத்தத்தில் போய் உட்காரப் போகிறேன். ஒன்றுமே செய்யாமல் உட்காரப் போகிறேன். வீட்டில் குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்திக்கொள்ள முடியாத ஒரு பொம்பளை, தெருவில் வந்து பஸ் பார்க்கப் போகிறேன். இதை எப்படி வெளியில் சொல்வது.

ஸ்பீக்கரில் கைதட்டல் கேட்டது, காற்றில் பாதி கரைந்து வந்தது. இலவசமாகப் பார்க்கிற புத்தியை அவளுக்குள் விதைத்தவரே அவர்தான். ஆரணியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஊரில் சூளைப் பகுதியில் ஒரு ஒண்டுக் குடித்தனம், துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் அவருக்குக் குமாஸ்தா வேலை. சாயங்காலம் வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு 'கிளம்பு திலகா' என்பார். 'காசு குடுத்துப் பாக்கறதுன்னா எவன் வேணும்னாலும் பாப்பான், காசு குடுக்காம பாக்கத்தான் ஊரைத் தெரிஞ்சு வச்சிருக்கணும்.' அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கோயிலில் எந்தத் திருவிழாவுக்கு யார் நாயனம், ஆடி மாசத்தில் எந்தத் தெரு அம்மனுக்கு மெல்லிசைக் கச்சேரி, எந்தக் கல்யாண மண்டபத்துக்கு எதிர் பிளாட்பாரத்தில் நின்றால் உள்ளே பாடுவது காதில் விழும், எந்தக் கட்சிக் கூட்டத்தில் தலைவர் வர நேரமானால் பாட்டுக்காரர்களை ஏற்றிவிடுவார்கள், எல்லாம். கூட்டத்தில் அவள் கையைப் பிடிக்க மாட்டார், வெட்கம், மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், வளையல் அழுந்தும். கச்சேரி முடிந்து வருகிற வழியெல்லாம் மறுபடி முழுக் கச்சேரியையும் பாடிக்கொண்டு வருவார், குரல் ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் அப்படி ஒரு சந்தோஷம். அந்த மனுஷர் எங்கே போனார். செத்துப்போகவில்லை, அதனால் அழ முடியவில்லை. பந்தலில் உட்கார்ந்திருப்பது அவருடைய சட்டை, அவருடைய காது மடல், அவருடைய தழும்பு விழுந்த முழங்கை. சில நாள் சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் அவள் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். முதலில் அவள் கவனிக்கவில்லை. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார், 'அந்தப் பொண்ணு சாப்ட்டாளா?' எந்தப் பொண்ணு? 'உள்ள நிக்கறாளே.' அவளுக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. இப்போது தினமும் கேட்கிறார், தினமும் அவளும் 'சாப்ட்டா' என்று சொல்கிறாள், சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தனியாக உள்ளே போய்ப் பால் காய்ச்சும்போது முதுகு கூசுகிறது. இருக்கிற வீட்டில் அவரோடு இருப்பது போதாது என்று இன்னொருத்தி வேறு. யாரவள், அவருக்குத் தங்கை கிடையாது, அவர் அம்மாவோ கட்டை குட்டையாக இருப்பாள், 'ஒசரமா, ஒல்லியா' என்கிறார், கேட்டால் அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தெரிவதில்லை, யாரோ ஒருத்தி தன்னுடைய அடுக்களையில் தன்னைக் கேட்காமல் நின்றுகொண்டிருக்கிறாள்.

ஒரு பஸ் வந்து நின்று போனது. கண்டக்டர் அவளைப் பார்த்தார், அவள் தலையை ஆட்டினாள், விசில் ஊதினார். பயம் இப்போதுதான் மெதுவாக வந்தது, தினமும் இந்த நேரத்துக்கு வரும். எழுந்திருப்பாரோ. எழுந்தால் யாராவது நகர்ந்து வழிவிடுவார்கள், வழிவிட்டால் நடப்பார், வாசலுக்கு வெளியே மெயின் ரோடு, அதைத் தாண்டினால் ரயில் பாதை. போன மாதம் ஓர் உபன்யாச மண்டபத்தில் திரும்பிப் போனபோது அவர் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார். அதே மாதிரி வெள்ளைச் சட்டை, வேறு முகம். கனகசபை இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான், உடனே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் கண்டுபிடிப்பதற்கு முன்னால், வேறு முகத்தைப் பார்த்த அந்த நிமிஷம், அவளுக்குள்ளிருந்து முதலில் எழுந்தது பயமில்லை. பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது வேறு, தலையிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த மாதிரி ஒரு 'அப்பாடா'. யார் சொன்னது அதை. நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. இருமல் வருகிற மாதிரி வந்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே பாயில் படுத்து, அவர் தட்டில் மிஞ்சியதைச் சாப்பிட்டு, அவருக்கு டைபாய்டு வந்தபோது தூங்காமல் உட்கார்ந்திருந்த உடம்புக்குள் இந்த 'அப்பாடா' எங்கே ஒளிந்திருந்தது. நான் நல்லவள்தானே. நல்லவளாக இருந்தால் ஏன் தினமும் திரும்பிப் போகும்போது முதலில் நாற்காலியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு போகிறேன். மறுபடி அது வந்துவிடுமோ என்றுதானே. அவர் தொலைந்துவிடுவாரோ என்பது ஒரு பயம், தொலைந்தால் தனக்கு என்ன தோன்றும் என்பது இன்னொரு பயம், இரண்டில் எது பெரியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. பூ விற்கிறவள் கூடையில் தண்ணீர் தெளித்தாள். வெயில் இறங்கிவிட்டது. தனி இன்னும் வரவில்லை.

பாட்டு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அடுத்தது பெரிசு, அதற்கு முன்னால் அந்தப் பெண் வெந்நீர் குடிப்பாள், சுருதி பார்ப்பார்கள், கொஞ்சம் இடைவெளி இருக்கும், இருக்க வேண்டியதுதான். ஆனால் இடைவெளி நீண்டது. ஸ்பீக்கர் இரைந்தது. யாரோ மைக்கை விரலால் தட்டினார்கள், பிறகு ஊதினார்கள். கரண்ட் தகராறோ என்று நினைத்தாள், அப்படித்தான் இருக்கும் என்று பெஞ்சின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். 'பக்தர்கள் கவனத்துக்கு ஒரு அறிவிப்பு' என்றது ஒரு ஆண் குரல். 'திலகவதி. திலகவதி என்கிற பெண் எங்கிருந்தாலும் உடனே மேடைக்குப் பக்கத்திலுள்ள நமது அலுவலகத்துக்கு வரவும். உங்களைக் காணாமல் ஒரு பெரியவர் இங்கே தவித்துக்கொண்டிருக்கிறார். அடையாளம், கத்திரிப்பூ கலர் வாயில் புடவை, ஒற்றைப் பின்னல், கனகாம்பரம் வைத்திருப்பார். ஒல்லியாக, உயரமாக இருப்பார். வயது இருபத்திரண்டு.'

பெஞ்சின் மறுகோடியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள். 'சின்னப் பொண்ணாம். வயசானவரை உக்கார வச்சிட்டு எங்கயாவது போனைப் பேசிக்கினு நிக்கும் பாருங்க.' 'இருக்கும்' என்றாள் திலகவதி. அவளுடைய குரல் யாருடையது மாதிரியோ இருந்தது. கத்திரிப்பூ கலர் வாயில். அந்தப் புடவை நைந்து நூலாகி, தேன்மொழி பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அதைப் பாத்திரக்காரியிடம் போட்டு ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கியாயிற்று, தூக்குக்குக்கூட இப்போது மூடி இல்லை. அப்படியானால் அவள்தான். அடுக்களையில் நிற்கிறவள், சாப்பிட்டாளா என்று அவர் தினமும் கேட்கிறவள், அவள்தான், நான்தான். இத்தனை நாள் என் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைக் கூச வைத்தது நானே. அவருக்கு நான் தொலைந்துபோனேன். எந்தக் கூட்டத்தில் எந்தக் கச்சேரியில் மணிக்கட்டு நழுவியதோ, அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பஸ் வந்தது. எங்கே போகிறது என்று அவள் பார்க்கவில்லை. 'ஏறும்மா, லேடீஸ்க்கு டிக்கெட் இல்ல' என்றார் கண்டக்டர். இதுவும் இலவசம். அவள் எழுந்துவிட்டிருந்தாள், கை கம்பியைப் பிடித்துவிட்டிருந்தது, ஒரு கால் படியில். மைக்கில் சொல்லித் தேடுகிறார்கள், தேடட்டும், அவர்கள் தேடுவது ஒற்றைப் பின்னல் போட்ட இருபத்திரண்டு வயதுப் பெண்ணை. நரைத்த கொண்டையும் வீங்கின முழங்காலுமாக ஒரு கிழவி பஸ் ஏறிப் போனால் யார் அவளைக் கேட்கப் போகிறார்கள். இந்தப் பந்தலில் அவளைத் தெரிந்தவர்கள் ஒருத்தரும் இல்லை. இலவச நிகழ்ச்சியில் யாரும் யாருக்கும் பெயர் கொடுப்பதில்லை. அவரைத் தர்மவான்கள் யாராவது பார்த்துக்கொள்வார்கள், நல்லவர்கள், நீர்மோர் கொடுக்கிறவர்கள். அந்த 'அப்பாடா' மறுபடி வந்தது. இந்த முறை அவள் அதைத் தடுக்கவில்லை. 'திலகவதி என்கிற பெண்' என்று மறுபடி ஸ்பீக்கர் ஆரம்பித்தது. 'அவர் ஊருக்குப் புதியவர், வழி தெரியாது, பயந்துபோயிருப்பார். பார்க்கிறவர்கள் தயவுசெய்து அவரைத் திட்டாமல் அழைத்து வரும்படி பெரியவர் கேட்டுக்கொள்கிறார்.' கண்டக்டர், 'ஏறுறியா எறங்குறியாம்மா?' என்றார். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக அந்தப் பெண்மேல் பொறாமை வந்தது, வயிறு எரிகிற பொறாமை. திட்டாமல் கூட்டி வரச் சொல்கிறார் அவளை. காலைக் கீழே வைத்தாள்.

பந்தலுக்குள் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளை அல்ல, அவளைத் தாண்டி வாசலை, ஒரு சின்னப் பெண் வருகிறாளா என்று. அவள் மூச்சு வாங்க அவர்களுக்கு நடுவே நடந்து போனாள், யாரும் அவளுக்காகத் தலையைத் திருப்பவில்லை. மேடைக்குப் பக்கத்தில் துணித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு மைக், சட்டையில் பேட்ஜ் குத்திய ஒரு நடுவயதுக்காரர். கனகசபை உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் இத்தனை கவலையை அவள் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. அந்தக் கவலையில் அவர் பழைய ஆளாகவே இருந்தார்.

'வாங்கம்மா, நீங்க அந்தப் பொண்ணுக்கு அம்மாவா?' என்றார் பேட்ஜ்காரர். 'இவர் பேரைக் கேட்டா சொல்லத் தெரியல. வீடு எங்கேன்னா தெரியல. திலகவதி திலகவதின்னு அது ஒண்ணுதான்.'

'நான்தாங்க திலகவதி.'

பேட்ஜ்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். 'ஐயா, இவங்களா பாருங்க.'

கனகசபை பார்த்தார். மரியாதையாக, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். 'இல்லீங்க' என்றார். 'இவங்க பெரியவங்க. அவ சின்னப் பொண்ணு.'

பேட்ஜ்காரருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் தள்ளிவிட்டு மேடையைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டு மறுபடி ஆரம்பித்தது. வேறு நாளாயிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். 'நல்லாப் பாருங்க, நான்தான், விளையாடாதீங்க, வாங்க வீட்டுக்கு' என்று கையைப் பிடித்து இழுத்திருப்பாள், அவர் கையை உதறியிருப்பார், வீட்டில் தினமும் நடப்பதுதான். இன்றைக்கு அதை எந்த வாயால் சொல்வது. பஸ் படியில் கால் வைத்தவள் யாரோ, அவள் அவருடைய திலகா இல்லைதான், அவர் சரியாகத்தான் சொல்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தாள். இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கச்சேரியைக் கேட்டு எத்தனை நாளாயிற்று, பாட்டு நெஞ்சில் வந்து மோதியது, அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கனகசபை பக்கத்து நாற்காலியில் விளிம்பில் உட்கார்ந்தார். வாசலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி வாசலை. பிறகு அவளுக்காக மனசு கேட்காமல் குனிந்தார்.

'நீங்களும் யாரையாவது தேடறீங்களாம்மா?'

'ஆமாங்க.'

'யாரை?'

'எங்க வீட்டுக்காரரை.'

'எங்க விட்டீங்க?'

'இங்கதான். உக்கார வச்சிட்டுப் போனேன். வந்து பாத்தா காணோம்.'

அவர் தலையை ஆட்டினார், இதெல்லாம் சகஜம் என்கிற மாதிரி. 'கூட்டம் பாருங்க. அழாதீங்க. நல்ல மனுஷங்க இவங்க, மைக்ல சொல்லுவாங்க. எங்க திலகாவுக்கும் சொல்லியிருக்காங்க. உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?'

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் தேன்மொழியைத் தொடையில் இடிப்பாள், தேன்மொழி இல்லாத நாளில் சிதம்பரத்துச் சாமி பேர் என்று சொல்லி நர்ஸைத் திணறடிப்பாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நம்பிக்கை போன பிறகும் பழக்கம் போகவில்லை.

'பேர் சொன்னாத்தானேம்மா தேட முடியும்' என்றார் அவர்.

'கனகசபை' என்றாள்.

பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை, காதை அவள் பக்கம் கொண்டுவந்தார். அவள் அந்தக் காதுக்குள் இன்னொரு தரம் சொன்னாள். அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. 'கனகசபை' என்று மெதுவாக, தப்பில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

'இங்கயே இருங்க. எழுந்து போயிடாதீங்க. நான் சொல்லிட்டு வந்துடறேன்.'

எழுந்தார். போவதற்குள் மறந்துவிடப் போகிறதே என்று, அந்தப் பேரை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே மைக் இருந்த மேசையை நோக்கி நடந்தார்.